பிக்கெட்டைப் பற்றி நான்கு வரி

“இதை எழுதின ஆள் யாருன்னு இன்னைக்கு இங்கேயே தெரிஞ்சாகணும்,” என்று காப்பிக் கடை மேஜையைத் தட்டினார் டோபியாஸ் பிக்கெட்.

லண்டனில் அந்தக் கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தாங்கள் கவிஞர்கள் என்று நினைப்பு. யாரையாவது கிண்டல் செய்து நாலு வரி எழுதி, பெயர் போடாமல் சுவரில் ஒட்டிவிடுவார்கள். எல்லோரும் படித்து மெச்சி, யார் எழுதியிருப்பார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, எழுதிய புண்ணியவான் எழுந்து தலைவணங்குவார். அன்று காலை ஒட்டியிருந்தது இது:

ஊரார் கையிலெல்லாம் பிக்கெட் கவிதை;
யாரும் கீழே விடவில்லை அதை.
தாளுக்குள் இருந்தது சுடச்சுட அப்பம்;
தின்று முடித்ததும் தாளெல்லாம் குப்பை.

பிக்கெட்டும் பத்து வருடமாக எழுதுகிறவர்தான். தன் காலத்துக்குப் பிறகு ஒரு வரியாவது நிற்காதா என்ற ஏக்கம் அவருக்கு. சொந்தக் காசில் அச்சடித்த புத்தகங்களோ எடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

“கோவிச்சுக்காதீர் ஓய்,” என்றார் நண்பர் ஹாரப். “நூறு வருஷம் கழிச்சும் இந்த நாலு வரியைச் சொல்லுவாங்க. உம்ம பேரும் கூடவே ஒட்டிக்கிட்டுப் போகும். உம்ம கவிதையால ஆகாதது இதால ஆகுது.”

“அவ்வளவு நல்லாவா இருக்கு?”

“ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதான் சொல்றேன், இது கார்விக் ஐயா கைவேலை.”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கணப்பு அருகே உட்கார்ந்திருந்தார் நதானியல் கார்விக். பிரபுக்கள் வண்டி அனுப்பி விருந்துக்கு அழைக்கிற கவிஞர். அவர் பேனாவைத் தொட்டே ஆறு வருடமாகிறது என்பதும் ஊரறிந்த ரகசியம்.

பிக்கெட் அவசரமாகக் குறுக்கிட்டார். “அவர் எழுதலை. வேற யாரோதான்.”

“வேற யாருக்கு இப்படி வரும்? உமக்கு வருமா?”

கடையே சிரித்தது. பிக்கெட் நேராகக் கார்விக் எதிரே போய் நின்றார்.

“ஐயா, நீங்களே சொல்லுங்க. எழுதினது நீங்க இல்லைதானே?”

கார்விக் சுவரைப் பார்த்தார். ஆவலோடு காத்திருந்த முகங்களைப் பார்த்தார். சாவகாசமாக ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு எழுந்து, தலைவணங்கினார்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கார்விக்கின் கதை முடிந்தது என்று நேற்றுவரை பேசிய அதே வாய்கள், சிங்கம் திரும்பிவிட்டது என்று இப்போது கூவின. வெட்கங்கெட்ட கூட்டம்.

“இது அநியாயம்,” என்று பிக்கெட் கத்தினார். “அதை எழுதினது…”

“உட்காரும் ஓய்,” என்று ஹாரப் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். “திட்டு வாங்கினாலும் பெரிய மனுஷன்கிட்ட வாங்கியிருக்கீர். அதுக்கே கொடுத்து வெச்சிருக்கணும்.”

வாசலை நோக்கி நடந்த கார்விக், பிக்கெட்டின் அருகே வந்ததும் நின்று, அவர் காதோரம் குனிந்தார்.

“வருஷாவருஷம் கவிதைக் கட்டு அனுப்பி என் உயிரை வாங்குறீரே, உம்ம கையெழுத்து எனக்குத் தெரியாதா? இத்தனை காலத்துல நீர் உருப்படியா எழுதினது இந்த நாலு வரிதான்.”