மாடிவீட்டுக்காரி பற்றிய தகவல்

டங்... டங்... டங்...

இருட்டினால் போதும், சுவருக்குள் யாரோ மாட்டிக்கொண்டு தட்டுவதுபோல அந்தச் சத்தம் வரும். குழந்தையை வாரிக்கொண்டு மூலையில் ஒதுங்குவேன்.

விஷயம் புரிய ஒரு வாரம் பிடித்தது. கீழ்வீட்டு அக்கா தண்ணீர்க் குழாயில் கரண்டியால் தட்டுகிறாள். சார் ஆபீசிலிருந்து வந்துவிட்டார், இனிமேல் நீ படியிறங்காதே என்று அர்த்தம்.

சார் அக்காவின் கணவர். கல்வி அலுவலகத்தில் தகவல் அலுவலர். தகவல் உரிமைச் சட்டப்படி யார் மனுப் போட்டாலும் பதில் தருவது அவர் வேலை. இந்த ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்ததும், என் முகவரியை யார் கேட்டாலும் தர வேண்டாம் என்று கெஞ்ச அவரிடம்தான் போனேன். வீடு கிடைக்காமல் அலைகிறேன் என்று தெரிந்ததும் தன் மாடியையே தந்தார்.

"உங்களப் பத்தி எங்க வீட்லகூட மூச்சு விட மாட்டேம்மா," என்றார்.

விடவில்லை. அதுதான் வினையாயிற்று.

துணி காயப்போடும்போது அக்கா ஆரம்பிப்பாள்.

"குழந்தையோட அப்பா எங்கே?"

"வெளியூர்ல இருக்கார்க்கா."

"வெளியூருக்குப் பேரு கிடையாதா?"

நான் துணியை உதறுவேன்.

"எந்த ஸ்கூல்ல எத்தன பெஞ்சு ஒடஞ்சிருக்குன்னு தெருவுல போறவன் கேட்டாலும் புட்டுப்புட்டு வெக்கிற மனுஷன், உன்னப் பத்திக் கேட்டா மட்டும் வாயத் தெச்ச மாதிரி நிக்கறார். மூக்கும் முழியுமா இருந்தா தனிச் சட்டம் போல."

பொறுத்துப் பார்த்து, கடைசியில் ஒரு காரியம் செய்தாள். மாடியில் குடியிருக்கும் ஆசிரியை யார், கணவன் எங்கே, எதற்காக இங்கே வந்தாள் என்று முறைப்படி எழுதி, கணவரின் ஆபீசிலேயே மனுப் போட்டுவிட்டாள்.

சார் லேசுப்பட்டவரா? சொந்த வீட்டு முகவரிக்கே பதிவுத் தபாலில் பதில் அனுப்பினார். 'கோரப்பட்டது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல். வழங்க இயலாது.'

"அவ மூன்றாம் நபர்னா, இந்த வீட்ல நான் யாருங்க?" கீழிருந்து அக்காவின் குரல் உடைந்து கேட்டது.

மறுநாள் மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. வால்வை மூடியிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம், சார் வருவதற்கு முன்பே கேட் திறந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

என் புருஷன்.

சலவைச் சட்டை. கையில் ஃபைல். தேன் வடியும் குரல்.

"ஆபீசர் வீடுதானே மேடம்? என் மனைவி டீச்சர். சண்டை போட்டுக்கிட்டுக் குழந்தையத் தூக்கிட்டு வந்துட்டா. எந்த ஸ்கூலுக்கு மாத்தினாங்க, எங்க தங்கியிருக்கான்னு சட்டப்படி கேட்டேன். உங்க வீட்டுக்காரர் முடியாதுன்னுட்டார். நேர்ல கெஞ்சிப் பாக்கலாம்னு வந்தேன். கட்டினவனுக்குத் தெரிஞ்சுக்கற உரிமை இல்லீங்களா?"

"எனக்கே பதில் கிடைக்கல," என்றாள் அக்கா.

ஒற்றை விரலை மேலே நீட்டினால் போதும், அவள் தலைவலி அன்றோடு தீர்ந்துவிடும்.

"ஆள் எப்படி இருப்பா?"

"ஒல்லியா இருப்பா. இடது புருவத்து மேல தையல் போட்ட தழும்பு இருக்கும்."

"எப்படிப் பட்டுது?"

அவன் ஃபைலைக் கைமாற்றிக்கொண்டான்.

"அது எங்க சொந்த விஷயம் மேடம். அதெல்லாம் வெளிய சொல்றதுக்கில்ல," என்று சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. வாயைப் பொத்தினேன். அதற்குள் அவன் நிமிர்ந்துவிட்டான்.

"மேல யாரு?"

"அத ஏன் கேக்கற?" அக்காவின் குரல் தெருக்கோடி வரை போயிற்று. "எங்க வீட்டுக்காரர் வெச்சிருக்கறவ. அஞ்சு வருஷமா என் தலைக்கு மேலயே குடித்தனம். இப்பப் புள்ள வேற, அப்படியே அப்பன் ஜாடை. வெளிய தெரியக் கூடாதுன்னு பல்லக் கடிச்சிட்டு இருக்கேன். வந்துட்ட இல்ல, இதையும் உன் ஃபைல்ல எழுதிக்க."

எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நான் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று தெருவுக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க, தெரியாம..." என்று முனகியபடி, கேட்டைக்கூடச் சாத்தாமல் அவன் போய்விட்டான்.

அக்கா படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க மானத்த..."

"அஞ்சு வருஷம் பொய்னு தெருவுக்குத் தெரியும். மிச்சமும் பொய்தானான்னு நாளைலேர்ந்து குசுகுசுப்பாங்க. பேசிட்டுப் போகட்டும்."

"நான் எல்லாத்தையும் சொல்லிடறேங்க்கா. அவன் என்னை..."

"ஒண்ணும் சொல்லாதே," என்று தடுத்தாள். "எனக்கு வாய் சும்மா இருக்காது."

குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். மறு கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.