ஐந்துக்கு ஒன்றரை

"அந்தச் சின்ன ரூம் எனக்கு வேணும். இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணிக் கொடுத்துடுங்க."

யுகேந்திரன் ஹெட்போனைக் கழற்றினான். டெத் மெட்டல் பாடகன் ஒருவன் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்த நேரத்தில்கூட, மனைவி அகல்யா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

மெர்லிமாவ் ஊரில், தாமான் என்னும் குடியிருப்பு ஒன்றில் அவர்களுக்கு மூன்று அறை வீடு. அதில் இருப்பதிலேயே சின்ன அறைதான் அவனுடைய தலைமையகம். பகலெல்லாம் மோட்டார் சைக்கிள் கடையில் சாமான் விற்பவன், சனிக்கிழமை மாலையானால் அங்கே உட்கார்ந்து, புதிதாக வந்த ஹெவி மெட்டல் ஆல்பங்களை யூடியூப்பில் தமிழில் விமர்சனம் செய்வான். சுவரெல்லாம் மண்டை ஓட்டு போஸ்டர்கள். சந்தாதாரர்களில் பாதிப் பேர் அகல்யாவின் சொந்தக்காரர்கள். கல்யாண வீட்டில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனை வாங்கி, சப்ஸ்கிரைப் பட்டனை அவனே அமுக்கிவிட்டது.

"எதுக்கு ரூம்? உங்கம்மா வந்து தங்கப் போறாங்களா?"

"அவங்களும் வருவாங்க. இப்ப இல்ல."

"காலையில ஜாசினுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து நீ ஒரு மாதிரியாத்தான் இருக்க. கட்டில் கடையில ஆஃபர் ஏதும் போட்டிருக்கானா?"

"ஆஃபர்லாம் இல்ல. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் கேக்குறாங்க, உன் வீட்டுக்காரருக்கு வயிறு சரியில்லையா, சனிக்கிழமை ஆனா முக்குற சத்தம் கேக்குதேன்னு. நான் என்னான்னு சொல்ல?"

"கலைன்னு சொல்லு."

"எல்லாம் ஒரே கத்தல்தானே லா. இதுல ரகம் ரகமா விமர்சனம் வேற."

இது தன்மானத்தில் கை வைக்கும் பேச்சு. யுகேந்திரன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"நீ எதை வேணும்னாலும் போடு. அரை நிமிஷம் போதும். எந்த ரகம், எப்படி இருக்குன்னு பார்க்காமலே சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் ரூம் உனக்கு. தப்பலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"மெட்டல் கேக்குறவன் பேச்சு மாற மாட்டான்."

அகல்யா அவன் போனிலிருந்த புது ஆல்பங்களில் ஒன்றை ஸ்பீக்கரில் போட்டாள். கிட்டார் ஒரு தடவை அதிர்ந்துவிட்டு, அடுத்த அதிர்வுக்குச் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொண்டது.

"டூம் மெட்டல். செம்பனைக் குலை ஏத்துன லாரி, மேட்டுல முதல் கியர்ல ஏறுற மாதிரி இருக்கணும். இருக்கு. நீ போய் சோறு வடிச்சிட்டு வந்தாலும் அதே வரியிலதான் நிப்பான். அஞ்சுக்கு மூணரை."

அடுத்தது குதிரைக் குளம்புச் சத்தத்தோடும், கூரையைப் பிய்க்கும் குரலோடும் வந்தது.

"பவர் மெட்டல். எல்லாப் பாட்டுலயும் டிராகனைக் கொல்லுவானுங்க. பாவம், அது என்ன தப்பு பண்ணிச்சோ. ஆனா காலையில மோட்டார்ல இதைக் கேட்டுக்கிட்டே போனா, வேலைக்குப் போறோமா போருக்குப் போறோமான்னு சந்தேகம் வந்துரும். நாலு."

மூன்றாவதில் கொஞ்சம் தடுமாறினான். திராஷ் மெட்டல் என்று சொல்ல வாயெடுத்தவன், பாடகன் உறுமத் தொடங்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு டெத் மெட்டல் என்றான். அகல்யா போனைப் பார்த்துச் சரி என்று ஒத்துக்கொண்டாள்.

"ரூமை இனிமே கனவுலதான் பாக்கணும் நீ," என்றான், சுவரைப் பார்த்தபடியே.

"இன்னும் ஒண்ணு இருக்கு. ரொம்ப வருஷமா எதிர்பார்த்த ரிலீஸ்."

"யாரு எதிர்பார்த்தா? இந்த வாரம் அப்படி எதுவும் வரலையே."

"கேளுங்க முதல்ல."

முதுகுக்குப் பின்னால் அவள் கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம். பிறகு ஸ்பீக்கரில் கரகரவென்று ஓர் இரைச்சல். அதன் அடியிலிருந்து டிரம் மட்டும் கிளம்பியது. அப்படி ஒரு வேகம். மூச்சு வாங்காமல் குதித்துக்கொண்டு ஓடியது.

யுகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு, கிட்டார் வரும் என்று காத்திருந்தான். வரவே இல்லை.

"பிளாக் மெட்டல். எவனோ வீட்டுலயே பண்ணுன டெமோ. வேணும்னே ரெக்கார்டிங்கை மோசமா விடுவானுங்க, அதுதான் இவனுங்க அடையாளம். அதுக்காக இப்படியா? தண்ணிக்குள்ள மைக்கைப் போட்ட மாதிரி இருக்கு."

"மார்க்?"

"ஒன்றரை. டிரம்மர்கிட்ட சரக்கு இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அவசரப்பட்டு வெளிய விட்டுட்டானுங்க. இன்னும் ஆறேழு மாசம் தலை காட்டாம, உள்ளயே பயிற்சி எடுத்துட்டு வரட்டும்."

பின்னால் அகல்யா மூக்கை உறிஞ்சினாள். தோற்றுப்போன வருத்தம் போலிருக்கிறது என்று அவனுக்குப் பாவமாகிவிட்டது. அறையில் பாதியை விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

"சரி, உனக்காக ரெண்டு போட்டுக்கலாம். பேண்டு பேரு என்ன?"

"பேரு இன்னும் வைக்கல." அவள் குரல் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. "நீங்கதான் வைக்கணும். காலையில ஜாசின் கிளினிக்குல ஸ்கேன் பண்றப்போ, என் வயித்துலேர்ந்து போன்ல ரெக்கார்டு பண்ணுனது."

"இன்னொரு தடவை போடு," என்றான் யுகேந்திரன், கைக்கு எட்டிய மண்டை ஓட்டைச் சுவரிலிருந்து உரித்தபடியே.