சந்தேக வியாதி

"ரெண்டு வருசமா இதே பாட்டுதான் டாக்டர். எனக்கு வேற ஒரு குடும்பம் இருக்காம். சோறு திங்க மாட்டுக்கா, ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அழுவுதா" என்று தென்காசி டாக்டரிடம் முறையிட்டார் குற்றாலிங்கம்.

பக்கத்தில் அவர் மனைவி வடிவம்மாள் தலைகுனிந்திருந்தாள்.

"கண்ணால பாத்தியாம்மா?" என்றார் டாக்டர்.

"பாக்கலை சார். மனசு சொல்லுது."

மனநோய்களை வகைபிரித்துப் போட்டிருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டிய டாக்டர், ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"சந்தேக வியாதி. முத்துறதுக்குள்ள வந்துட்டீங்க."

சீட்டில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு நாற்பது நாள் குற்றாலத்து அருவியில் குளிப்பதும் நல்லது என்றார்.

மனைவியை அவள் அண்ணனோடு குற்றாலத்துக்கு அனுப்பிய கையோடு, குற்றாலிங்கம் அச்சன்புதூர் பஸ்ஸில் ஏறினார். அங்கே ரெங்கம்மாள் கதவைத் திறந்ததும், "அப்பா!" என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள் மூன்று வயது மகள்.

"இனி பயமில்லட்டி. அவளுக்கு நோயின்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு!" என்று சீட்டை நீட்டினார்.

ரெங்கம்மாள் அதை வாங்கி, மடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"இது இங்கனயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமையானா நீங்க கடையநல்லூருல ஒருத்தி வீட்டுக்குப் போறியன்னு, ரெண்டு மாசமா என் மனசும் சொல்லுது."