எமில்டாவின் துணிப்பை

எமில்டா துணிப்பையோடு வருகிறாள் என்றதும் பேராசிரியர் விட்டேக்கர் கழிவறைக்குள் புகுந்துகொண்டார்.

முப்பது வருடமாக அதிகாரத்தை எதிர்ப்பது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவர். உள்ளே தாழ் போடும் சத்தம் என் வரவேற்பு மேசை வரைக்கும் கேட்டது.

அவரையும் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தின் இந்த நான்காம் மாடியில் ஏழு பேரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். பெயர்கள் வெள்ளிக்கிழமை வரும். இன்று புதன். பட்டியலைத் தட்டச்சு செய்தவள் எமில்டா, துறைத்தலைவரின் செயலாளர்.

போன கிழமை சமையலறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவளை மறித்தேன். ஏழும் வேண்டாம், ஒரு பெயராவது சொல் என்றேன்.

"வாய் திறக்க ஏலாது மலரக்கா. எழுதி வாங்கியிருக்கினம்."

வாய்க்குத்தான் பூட்டு. கை சும்மா இருக்கவில்லை.

பதினொரு வருடமாக அவளுக்கு ஒரு பழக்கம். இந்த மாடியிலிருந்து யார் போனாலும், குரோஷே ஊசியால் தானே பின்னிய சின்ன விலங்கு ஒன்றைக் கையில் கொடுத்து வழியனுப்புவாள். போகிறவருக்கு மட்டும்தான். இருக்கிறவர் கெஞ்சினாலும் கிடையாது. நானும் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "நீங்கள் போகேக்கை தாறன்" என்று சிரித்தாள்.

இந்த மாதம் முழுக்க, காலையில் ஈஸ்ட் ஹாமிலிருந்து நாங்கள் ஒன்றாக ரெயில் ஏறியதும் ஊசியை எடுத்துவிடுவாள். ஒரு நாள் பச்சை நூல். என்ன அது என்று எட்டிப் பார்த்தேன். சட்டென்று பைக்குள் தள்ளினாள். யாருக்கோ தவளையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாளை அவள் லூர்து மாதாவிடம் போகிறாள். இரண்டு கிழமை விடுமுறை. திரும்பி வரும்போது ஏழு மேசையும் காலியாக இருக்கும். அதனால் இன்றே கொடுக்கிறாள். கேட்டால் படிப்புத் தவணை முடிவுப் பரிசாம். யாருக்குக் காது குத்துகிறாள்?

காலை எட்டு மணிக்கு, கணினி திருத்தும் கொலினின் மேசையில் ஓர் ஆமையை வைத்தாள். எட்டேகாலுக்குள் மாடி முழுவதற்கும் நான் விளக்கம் கொடுத்தாகிவிட்டது. பொம்மை கிடைத்தால் வேலை போச்சு. இப்படி ஒரு செய்தியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதன் பிறகு ஒரு ஆராய்ச்சியும் நடக்கவில்லை. படித்த மனிதர்கள் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள், வாசலில் சாமான் விற்க வந்தவனுக்கு ஒளிவது போல.

பத்து மணிக்குள் நான்கு. ஆமை, இரண்டு ஆந்தை, ஒரு முயல்.

பேராசிரியர் கழிவறையிலிருந்து திரும்பியபோது அவருடைய நாற்காலியில் ஒரு நீர்யானை உட்கார்ந்திருந்தது. ஐந்து. அவர் அதை எடுக்கவுமில்லை, உட்காரவுமில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

அடுத்தது சேகர். கோயம்புத்தூர்க்காரர். புள்ளியியல் படிப்பிக்கிறார். போன மாதம்தான் சட்டன் பகுதியில் வீடு வாங்கினார். எமில்டா ஒட்டகத்தை நீட்டினாள்.

"வேண்டாங்க, எனக்குக் கம்பளி அலர்ஜி."

"இது பருத்தி நூல் அண்ணை."

வேறு வழியில்லாமல் வாங்கினார். ஒட்டகத்தை வாலில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆறு.

பை இன்னும் புடைத்துக்கொண்டுதான் இருந்தது. நான் மேசை லாச்சியை முழங்காலால் அழுத்தி மூடியே வைத்திருந்தேன்.

எமில்டா என்னைக் கடந்து போனாள். ஒரு கதையாவது சொல்லாமல் போகாதவள், இன்று தரையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கத்தில் மிச்சம் கிளேயர் ஒருத்திதான். ஒப்பந்த விரிவுரையாளர், ஏழு மாதக் கர்ப்பிணி. மற்றவர்களைப் போல அவள் ஒளியவில்லை. கதவை அகலத் திறந்து வைத்து, வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள்.

வை, எமில்டா. அவள் மேசையில் வைத்துவிடு.

அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

எமில்டா பைக்குள் கையை விட்டாள். கிளேயர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்தது சாப்பாட்டுப் பெட்டி. பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு மீன் ரோல். கிளேயர் அழுதுகொண்டே ஒன்றைக் கடித்தாள்.

எமில்டா பையை உதறி, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பொம்மை கிடைக்காதவர்கள் மூச்சு விட்டார்கள். பிறகு எண்ணத் தொடங்கினார்கள். ஆறுதானே ஆகிறது? இந்த மாடியில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் எல்லோரும் வருவது என்னிடம்தான். வந்தார்கள். சேகர் ஒட்டகத்தோடேயே வந்தார்.

"யாருங்கக்கா அந்த ஏழாவது ஆளு? உங்களுக்குத் தெரியாம இருக்காதே?"

தெரியாது என்றேன். இந்த மேசையில் பதினான்கு வருடம். அந்தச் சொல்லை இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். ஒருவரும் நம்பவில்லை.

காலையில் எட்டேகாலுக்குக் கடைசி ஆளிடமும் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, ஸ்டேப்ளர் எடுக்கத்தான் லாச்சியை இழுத்துத் திறந்தேன்.

உள்ளே ஒரு பச்சைக் கிளி இருந்தது. சிவப்பு அலகை நன்றாகத் திறந்து பின்னியிருந்தாள்.