சுவரில் பிரேக் வெளிச்சம்

“மெதுவா மிதி கலை, கரப்பான்பூச்சியையா கொல்றே?”

“போதும்னா சொல்லுங்க. ஸ்டியரிங்கு வயித்துல இடிக்குது.”

திண்டிவனத்து வீட்டு வாசலில் இனியவன் காருக்குப் புது பிரேக் பேடு மாட்டியிருந்தான். நிறைமாதமான மனைவி கலையரசியை நாளை இந்தக் காரில்தான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். போன வருஷம் ஒலக்கூர் அருகே பிரேக் பிடிக்காமல் அவன் அண்ணன் சேரன் இறந்தது இதே காரில். பழுது பார்த்த பிறகும் யாரும் அதை ஓட்டவில்லை.

“போதும், காலை எடு.”

ஜாக்கியில் நின்ற முன்சக்கரத்தைக் கையால் சுழற்றினான். அது அசையவில்லை.

“எடுன்றேன் இல்ல?”

“எப்பவோ எடுத்துட்டேனே,” என்றாள் கலையரசி. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

காருக்குப் பின்னாலிருந்த சுவரில் பிரேக் விளக்கின் சிவப்பு விழுந்திருந்தது. இனியவன் கதவு வழியே குனிந்து பார்த்தான். பெடல் அடிவரை அழுந்தியிருந்தது. பிடித்து இழுத்தும் வரவில்லை. பிறகு அது தானாக எழுந்து மறுபடி அழுந்தியது. மீண்டும் மீண்டும், அவசர அவசரமாக.

கலையரசி வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

இனியவன் காலியான சீட்டைப் பார்த்து மெல்லச் சொன்னான்.

“அண்ணா, வண்டி நின்னுடுச்சிண்ணா. காலை எடுண்ணா.”