எண்ணெய் படாத வீடு

பென்சன் எடுத்த கையோடு யூஜின் சமையலுக்கென்று குசினியைப் பிடித்துக்கொண்டார். ஓட்ஸ் புட்டு, கேல் கீரைச் சொதி, எண்ணெயைக் கண்ணாலும் காணாத கத்தரிக்காய்ப் பொரியல். அவர் மனைவி றெஜினா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

இன்று பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருக்கும் தமிழ்ச் சாப்பாட்டுக்கடைக்குப் போய்விட்டாள். வாசம் ஏறிவிடும் என்று ஜக்கெற்றைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, இரண்டு ஆட்டிறைச்சி றோல்ஸ் சாப்பிட்டாள்.

வீட்டு வாசலில் அவள் கழற்றிய ஜக்கெற்றை வாங்கிய யூஜினின் மூக்கு சுருங்கியது. பொக்கற்றுக்குள் கையை விட்டார். எண்ணெய் ஊறிய கடைப் பேப்பர் ஒன்று வந்தது.

"இதென்ன, றெஜினா?"

"ரெண்டே ரெண்டு றோல்ஸ்தானப்பா. இனிப் போகமாட்டன்."

"நான் குசினிக்கை கிடந்து சாகிறன். நீர் கடையிலை பொரிச்சது தின்னுறீர்."

தலை குனிந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜக்கெற் கடைக்குள் போகவே இல்லையே. நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கொழுக்கியில் அதே கறுப்பில் அவளுடைய ஜக்கெற் தொங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, நான் காலமை அவசரத்திலை உங்கடை ஜக்கெற்றையெல்லோ போட்டுக்கொண்டு போயிருக்கிறன்."

யூஜின் அந்தப் பேப்பரை மெல்ல மடித்தார்.

"இண்டைக்கும் றோல்ஸ் சுடச்சுட இருந்ததோ?"