வெள்ளைக் குஞ்சுக்குப் போட்ட தீர்மானம்

கறுப்புக் காக்கை இணை ஒன்று வெள்ளைக் குஞ்சு பொரித்தது. வெயில் பட்டதும் குஞ்சு கண்ணைச் சுருக்கியது.

"கள்ளப் பார்வை" என்றார் காக்கைச் சங்கத் தலைவர். தாய்க் காக்கைக்கு அவர் உடன்பிறந்த அண்ணன். "கொக்கோடு என்னம்மா சிநேகம்?"

"கொக்கு இல்லை அண்ணே. எங்கள் இருவர் இரத்தத்திலும் ஒளிந்திருந்தது, சேர்ந்ததும் வெளியே வந்துவிட்டது. என் பங்கு நம் அப்பா கொடுத்தது. உங்களிடமும் இருக்கும்."

சங்கமே சிரித்தது. மனிதர் சோறு வைக்கும் சுவரில் வெள்ளைக் குஞ்சுக்கு இடமில்லை என்று தீர்மானம் போட்டது. தாய் தன் பங்கைப் பாதியாக்கி அதை வளர்த்தது.

மறு வருடம் தலைவர் கூட்டிலும் வெள்ளைக் குஞ்சு பிறந்தது. அதுவும் கண்ணைச் சுருக்கியது.

"தியானம்" என்றார் தலைவர். வெள்ளையாகப் பிறப்பவருக்கே முதல் கவளம் என்று சங்கம் புதுத் தீர்மானம் போட்டது.

தங்கை தன் மகனோடு சுவருக்கு வந்தாள். "இவனும் சாப்பிடலாமா அண்ணே?"

"தீர்மானத்துக்குப் பின் பிறந்தவர்களுக்குத்தான் அம்மா."

"தீர்மானம் நேற்றுத்தானே மாமா?" என்றது வெள்ளைக் காக்கை. "உங்கள் பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகிறதே."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். தீர்மானத்தின் தேதி ஒரு வாரம் பின்னோக்கிப் போனது. அதற்கு மேல் ஒரு நாள்கூடப் போகவில்லை.